மெஷ் விபிஎன் லைப்ரரி: எதைக் காட்டுவது, எதை மறைப்பது? (கேள்வி பதில்)

மெஷ் விபிஎன்னை (கணினிகள் கூடியவரை ஒன்றோடொன்று நேரடியாக, மறையாக்கத்தோடு பேசும் தனி நெட்வொர்க்) மற்ற நிரல்களுக்குள் பொதித்துத் தரும் லைப்ரரிகளோடு மல்லுக்கட்டுவதுதான் சில ஆண்டுகளாக என் பிழைப்பு. ஒன்றை முதலிலிருந்து எழுதினேன். அதன் ஏபிஐயை (வெளி நிரல்கள் அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பை) இரண்டு முறை உடைத்து மாற்றி, பயன்படுத்துகிறவர்களிடம் நன்றாகத் திட்டும் வாங்கினேன். இந்த வகையில் சந்தேகம் எதுவானாலும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, அடிப்படையிலிருந்தே கேட்கிறேன். விபிஎன் என்றால் கணினியில் நிறுவி ஓடவிடுகிற சமாச்சாரம்தானே? அதை ஏன் லைப்ரரியாகக் கொடுக்க வேண்டும்?

பதில்: நிறுவி ஓடவிட்டால் இயங்குதளம் முழுமைக்கும் ஒரு மெய்நிகர் நெட்வொர்க் கார்டு உருவாகும். அதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும். அந்த இயந்திரத்தில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் ஒரே முகவரி, ஒரே அடையாளம். லைப்ரரியாக இருந்தால் உங்கள் நிரல் மட்டும் மெஷ்ஷில் தனி உறுப்பினராகச் சேரும். வழக்கமாக இயங்குதளம் பார்த்துக்கொள்ளும் டிசிபி அடுக்கே (இணைப்புகளைக் கையாளும் பகுதி) நிரலுக்குள் ஓடும். டெயில்ஸ்கேல் என்ற மெஷ் விபிஎன்னின் டிஎஸ்நெட் லைப்ரரி, ஜிவைசர் திட்டத்தின் நெட்ஸ்டாக் என்ற டிசிபி அடுக்கை வைத்து இதைத்தான் செய்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னலின் கண்ணுக்கு அது யூடிபி பாக்கெட் அனுப்பும் சாதாரண நிரல், அவ்வளவுதான். அனுமதி கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

இதிலிருந்து முதல் விதியும் வருகிறது: ஒரே நிரலுக்குள் இரண்டு நோட்கள் (மெஷ் உறுப்பினர்கள்) ஓட முடிய வேண்டும். எனவே குளோபல் மாறி எதுவும் கூடாது.

கேள்வி: என் வடிவமைப்பில் 38 ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பியர் (எதிர்முனை நோட்) சேர்ப்பது, நேட்டில் (ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்) துளையிடுவது, ரிலே (நடுவில் நின்று பாக்கெட்டைக் கடத்தும் சர்வர்) தேர்ந்தெடுப்பது, சாவி மாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. அதிகமா?

பதில்: அதிகம்தான். நீங்கள் கட்டிய இயந்திரத்தின் உட்புறத்தை அப்படியே மேசையில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான், என் முதல் பதிப்பும் இதே அழகில்தான் இருந்தது.

கணக்குப் பார்ப்போம். முழு மெஷ்ஷில் 10 நோட்கள் இருந்தால் 45 ஜோடிகள். 100 இருந்தால் 4,950. ஒவ்வொரு ஜோடிக்கும் வழி கண்டுபிடிப்பதும் சாவி பரிமாறுவதும்தான் உங்கள் லைப்ரரியின் வேலை. பியர் சேர்க்கும் ஃபங்ஷனை வெளியே வைத்த கணமே அந்த வேலையைப் பயனர் தலையில் கட்டிவிட்டீர்கள்.

பயனருக்கு வேண்டியவை இரண்டு: "இந்தப் போர்ட்டில் காத்திரு", "இந்தப் பெயரில் இருக்கும் நோட்டின் இந்தப் போர்ட்டுக்குப் போ". அதாவது லிசன், டயல். இவற்றோடு தொடங்க ஒன்று, மூட ஒன்று, எதிரே இருப்பது யார் என்று கேட்க ஒன்று, நிலைமை பார்க்க ஒன்று. ஆறில் முடிந்துவிடும்.

அந்த லிசனும் டயலும் எதைத் திருப்பித் தருகின்றன என்பது அடுத்தது. உங்கள் சொந்த இணைப்பு வகையைத் தராதீர்கள், அந்த மொழியில் ஏற்கனவே புழங்கும் வகையையே கொடுங்கள். கோ மொழியில் என்றால் நெட் பொட்டலத்தின் கான், லிசனர் இரண்டும். அப்போது அங்கே இருக்கும் எச்டிடிபி சர்வர், ஜிஆர்பிசி, டேட்டாபேஸ் டிரைவர் எல்லாமே உங்கள் மெஷ் மேல் ஒரு வரி மாற்றத்தில் ஓடும். நான் சொந்த வகை ஒன்றை வைத்திருந்தேன். அதில் வாசிப்பதற்கான காலக்கெடு வைக்கும் வசதியை மறந்துவிட்டேன். எச்டிடிபி சர்வர் தொங்கிப்போன இணைப்பை வெட்ட வழியில்லாமல் இரவெல்லாம் திறந்தே வைத்திருந்தது. அன்றோடு அந்த ஆசை போயிற்று.

கேள்வி: பியருடன் இணைவதற்கு 'கனெக்ட்' என்று ஒன்று வேண்டாமா? இணைந்தாயிற்றா என்று எப்படித் தெரியும்?

பதில்: அடியில் வயர்கார்ட் (பல மெஷ் விபிஎன்கள் பயன்படுத்தும் மறையாக்க நெறிமுறை) இருந்தால் அங்கே "இணைப்பு" என்ற ஒன்றே கிடையாது. அனுப்பப் பாக்கெட் வந்தால்தான் ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் சாவி பேசி முடிப்பது) நடக்கும். போக்குவரத்து தொடர்ந்தால் சுமார் 120 விநாடிக்கு ஒருமுறை புதிதாக நடக்கும். யாரும் பேசாவிட்டால் இரு பக்கமும் மௌனம். அப்படிப்பட்ட நெறிமுறைக்கு மேல் 'கனெக்டட்' என்று ஒரு பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு) வைத்தால் அது பாதி நேரம் பொய் சொல்லும்.

இருக்கிற உண்மையான நிலை வேறு: நம் நோட் மெஷ்ஷில் சேர்ந்துவிட்டதா? அதைத் தொடக்க ஃபங்ஷன் சொல்லட்டும். ஆனால் ஒரு சிக்கல், யாராவது உலாவியில் உள்நுழைந்து ஒப்புதல் தர வேண்டியிருக்கலாம். அதற்கு அரை மணி நேரமும் ஆகலாம், வராமலும் போகலாம். எனவே தொடக்கம் காத்திருக்கிற மாதிரி இருக்கட்டும், வெளியிலிருந்து ரத்து செய்யவும் முடியட்டும். உள்நுழைவு முகவரி கிடைத்ததும் பயனர் கொடுத்த கால்பேக்குக்கு (லைப்ரரி திருப்பி அழைக்க வேண்டிய அவருடைய ஃபங்ஷன்) அனுப்புங்கள். லாக்கில் அச்சிட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அதைப் படிக்க அங்கே ஆள் இருக்கமாட்டார்.

கேள்வி: நேரடிப் பாதையா, ரிலே வழியா என்பதை இணைப்பு ஆப்ஜெக்டிலேயே காட்டலாமா? வேகம் குறைந்தால் பயனருக்குக் காரணம் தெரியுமே.

பதில்: இணைப்பில் வைக்காதீர்கள். டெயில்ஸ்கேல் போன்றவற்றில் முதல் பாக்கெட்டுகள் ரிலே வழியாகவே கிளம்பும், பின்னணியில் நேரடி வழி கிடைத்ததும் சத்தமில்லாமல் அதற்கு மாறும். இணைத்த கணத்தில் கேட்டால் பெரும்பாலும் "ரிலே" என்றுதான் பதில் வரும். அதை நம்பி ஒருவர் "ரிலே என்றால் படத்தின் தரத்தைக் குறை" என்று எழுதிவிடுவார், அது கடைசிவரை குறைந்தே இருக்கும். பாதை என்பது மாறிக்கொண்டே இருக்கும் விஷயம். நிலைமை கேட்கும் ஃபங்ஷனில் "இந்த நேரத்தில், இந்தப் பியருக்கு, இந்த வழி" என்று காட்டுங்கள். பிழை தேடுகிறவருக்கு அது போதும்.

கேள்வி: எதிரே பேசுவது யார் என்று கண்டுபிடிக்க டோக்கன் (ரகசியச் சீட்டு) முறை வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: இருக்கிற பொக்கிஷத்தை விட்டுவிட்டு டோக்கனா! வயர்கார்டில் ஒவ்வொரு பியரின் பொதுச் சாவிக்கும் அனுமதிக்கப்பட்ட முகவரிகள் கட்டப்பட்டிருக்கும். உள்ளே வரும் பாக்கெட்டின் மூல முகவரி அந்தச் சாவிக்கு உரியதாக இல்லாவிட்டால் அது வீசப்படும். ஆக, இணைப்பின் மறுமுனை முகவரியை வைத்தே "இது எந்த நோட், யாருடையது" என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்குத்தான் அந்த "யார்" ஃபங்ஷன். நெபுலா என்ற இன்னொரு மெஷ் விபிஎன்னில் இதைச் சான்றிதழ் செய்கிறது. பெயரோடு குழுக்களும் அதிலேயே கையொப்பமிடப்பட்டிருக்கும். சாதாரண நெட்வொர்க் லைப்ரரியால் தர முடியாததை மெஷ் லைப்ரரி தருவது இந்த இடத்தில்தான். வழியை எவ்வளவு வேண்டுமானாலும் மறையுங்கள், ஆளை மறைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: நடுவில் ப்ராக்ஸி (இணைப்பை வாங்கி மறுபடி அனுப்பும் இடையாள்) இருந்தால் நீங்கள் பார்ப்பது ப்ராக்ஸியின் அடையாளம்.

கேள்வி: சாவியை எங்கே சேமிப்பது? இயல்பாக ஒரு கோப்புறையை லைப்ரரியே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன்.

பதில்: இதில் எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். ஒருவர் தன் மடிக்கணினியில் நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கோப்புறையையும் சேர்த்துக் கன்டெய்னர் இமேஜாக (எங்கும் அப்படியே ஓடவிடக்கூடிய பொதி) கட்டிவிட்டார். அதை மூன்று இடங்களில் ஓடவிட்டார். மூன்றும் ஒரே சாவி. கடைசியாகச் சரியான பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ, அங்கேதான் வயர்கார்ட் பதில் அனுப்பும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறுந்துபோகாமல் இருப்பது இந்தக் குணத்தால்தான். ஆனால் மூன்று பேர் ஒரே சாவியோடு பேசினால்? பதில் ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே. பிழைச் செய்தி ஒன்றும் வராது. "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை" என்ற புகார்தான் வரும். அதைப் பிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

இப்போது என் லைப்ரரியில் சேமிக்கும் இடத்தைப் பயனர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் தொடங்காது. "சேமிக்கவே வேண்டாம், நிரல் நின்றதும் நோட்டை மறந்துவிடு" என்பது தனி விருப்பம். கன்டெய்னருக்கு அதுவே பொருத்தம்.

கேள்வி: சார், பிழைகளை எத்தனை வகையாகப் பிரிக்கலாம்?

பதில்: நிரல் எழுதுகிறவர் வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடிய அளவுக்கு மட்டும். அப்படிப் பெயரில்லை (எழுத்துப் பிழையாக இருக்கும், மறுமுயற்சி வீண்). நாமே இன்னும் சேரவில்லை. எதிர்முனை அந்தப் போர்ட்டில் இல்லை. பதிலே இல்லை. இந்த நான்காவதில் கைவைத்து "அனுமதி மறுக்கப்பட்டது" என்றெல்லாம் ஊகிக்காதீர்கள். பியர் அணைந்திருந்தாலும், ஃபயர்வால் விழுங்கினாலும் இங்கே தெரிவது ஒரே மௌனம். கடைசியாக வெற்றிகரமான ஹேண்ட்ஷேக் எப்போது நடந்தது என்பதைப் பிழையோடு சேர்த்துக் கொடுங்கள். மீதியைப் பார்க்கிறவர் புரிந்துகொள்வார்.

கேள்வி: எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மாற்ற விருப்பம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வயர்கார்டின் வழக்கமான 1420, ஐபிவி6-க்கு மேல் போகும் 80 பைட் சுமையை ஈதர்நெட்டின் வழக்கமான 1500-இலிருந்து கழித்து வந்தது. 1280 என்று வைத்துவிட்டால் சுமையோடு சேர்த்தும் 1360தான், ஏறக்குறைய எங்கும் தாண்டும்; ஐபிவி6 கட்டாயமாக்கும் குறைந்தபட்சமும் அந்த 1280தான். இந்தக் கைப்பிடியைத் திருகி நன்மை கண்டவர் குறைவு.

கேள்வி: பைத்தானிலும் சி மொழியிலும் பயன்படுத்த வேண்டும். லைப்ரரி கோ மொழியில் இருக்கிறது.

பதில்: எல்லையில் முழு எண்களை மட்டும் கடத்துங்கள். டெயில்ஸ்கேலின் சி லைப்ரரியான லிப்டெயில்ஸ்கேல் இதை அழகாகச் செய்திருக்கிறது: ஏற்ற இணைப்பு ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக (திறந்த கோப்பு அல்லது இணைப்பைக் குறிக்கும் எண்) வருகிறது, அதன் மேல் வழக்கமான ரீட், ரைட் போதும். அப்புறம், ஃபோர்க் (ஓடும் நிரலை அப்படியே நகலெடுப்பது) பற்றி ஆவணத்தில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஃபோர்க் செய்தால் அழைத்த திரெட் (நிரலின் ஓட்ட இழை) மட்டுமே மறுபக்கம் பிழைக்கும், கோ ரன்டைம் அதைத் தாங்காது. பைத்தான் சர்வர்கள் பல ஃபோர்க் செய்தே வேலையாட்களை உருவாக்குகின்றன. எனவே ஃபோர்க்குக்குப் பிறகே தொடங்க வேண்டும். சரி, அப்படித் தொடங்கினால் எல்லா வேலையாட்களும் ஒரே சாவிக் கோப்புறையைத் திறப்பார்கள், மறுபடியும் என் நான்கு நாள் கதை. ஒரே இயந்திரம் என்பதால் இங்கே ஒரு பூட்டுக் கோப்பு காப்பாற்றும். இரண்டாவது ஆளுக்குத் தெளிவான பிழை கொடுத்து நிறுத்துங்கள்.

கேள்வி: சோதனைகளை எப்படி ஓட்டுகிறீர்கள்? ஒவ்வொரு முறையும் உண்மையான மெஷ்ஷா?

பதில்: இல்லை. யூடிபி அனுப்பும் அடுக்கை மாற்றக்கூடியதாக வைத்து, நினைவகத்துக்குள்ளேயே ஒரு போலி நெட்வொர்க் ஓடுகிறது. பாக்கெட்டைத் தொலைப்பது, தாமதப்படுத்துவது, நேட் முகவரியை நடுவில் மாற்றுவது எல்லாம் அதில் செய்யலாம். கடிகாரமும் போலி, ஹேண்ட்ஷேக் புதுப்பிப்பைப் பார்க்க நிஜமாகவே 2 நிமிடம் யார் காத்திருப்பது? அந்தப் போலி நெட்வொர்க்கைப் பயனர்களுக்கும் திறந்துவிட்டேன். 38 ஃபங்ஷன்களில் எதையாவது வெளியே வைக்க இடமிருந்தால் அந்த இடத்தில் இதை வையுங்கள்.