வாசகர் கேள்வி – பதில்: ஒரே அலைவரிசையில் பலர்

கேள்வி: சிடிஎம்ஏ என்ற கைப்பேசி முறையில் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பலர் பேசுவதாகப் பாடத்தில் படித்தேன். ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சோடு கலந்துவிடாதா?
– பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

பதில்: கலக்கத்தான் செய்கிறது, கலந்ததிலிருந்து பிரித்தெடுப்பதே அம்முறையின் வேலை. ஜிஎஸ்எம் என்ற மற்றொரு கைப்பேசி முறை 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வொரு அலைவரிசையையும் 8 காலத்துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறது. சிடிஎம்ஏவோ ஒவ்வொருவர் பேச்சையும் அவருக்கே உரிய குறியீட்டால் பெருக்கி, 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதும் பரப்பி அனுப்புகிறது. 1993-இல் வெளியான ஐஎஸ்-95 என்ற சிடிஎம்ஏ தரநிலையில், நொடிக்கு 9,600 பிட்டுகளாக வரும் பேச்சு நொடிக்கு 12,28,800 துடிப்புகளாகப் பரப்பப்படுகிறது. இது 128 மடங்கு. கைப்பேசிக் கோபுரத்தில் அதே குறியீட்டால் மீண்டும் பெருக்கும்போது உரியவர் பேச்சு மட்டும் குவிந்து எழும். மற்றவர்களுடையது இரைச்சலாகப் பரவியே கிடக்கும். இதனால் கிடைக்கும் ஆதாயம், மடங்குகளை அளக்கும் டெசிபல் கணக்கில் (10 டெசிபல் என்றால் 10 மடங்கு, 20 என்றால் 100 மடங்கு), சுமார் 21 டெசிபல்.

அது போதாது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. கோபுரத்திலிருந்து 100 மீட்டரில் ஒருவரும் 2 கிலோமீட்டரில் இன்னொருவரும் கைப்பேசி அலையை ஒரே திறனில் (power) அனுப்பிப் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் அலையின் வலிமை தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது என்று கொண்டால், அருகிலிருப்பவரின் அலை 1,60,000 மடங்கு, அதாவது ஏறத்தாழ 52 டெசிபல், ஓங்கி நிற்கும். 21 டெசிபல் ஆதாயத்தைக் கொண்டு தொலைவிலிருப்பவரை மீட்க முடியாது. எனவே கோபுரம் ஒவ்வொரு கைப்பேசிக்கும் நொடிக்கு 800 முறை ‘திறனைக் கூட்டு’ அல்லது ‘குறை’ என்று ஒற்றை பிட்டில் ஆணையிட்டு, எல்லாருடைய அலையும் ஏறக்குறைய ஒரே வலிமையில் தன்னை வந்தடையுமாறு பார்த்துக்கொள்கிறது. 3ஜியில் வரும் சிடிஎம்ஏ வகையான டபிள்யூசிடிஎம்ஏவில் இது நொடிக்கு 1,500 முறை நடக்கிறது. குறியீட்டைத்தான் எல்லாரும் வியந்து பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஓயாத கண்காணிப்பு இல்லாமல் சிடிஎம்ஏ ஆய்வகத்தைத் தாண்டியிருக்காது.

பேசுவோர் பெருகப் பெருக இரைச்சலும் ஏறும். அதை மீற ஒவ்வொரு கைப்பேசியும் திறனைக் கூட்டும். எல்லையோரத்தில் உள்ளவை தம் உச்சத் திறனைத் தொட்டபின் இணைப்பை இழக்கும். இப்படி ஒரு கோபுரத்தின் பரப்பு நெரிசல் நேரத்தில் சுருங்கி, பின்னர் விரிவதைப் பொறியாளர்கள் ‘செல் சுவாசம்’ என்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் 4ஜி சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஆனாலும் மாலையில் இணையம் நகர மறுக்கிறதே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தக் கோடுகள் காட்டுவது பெரும்பாலும் வந்து சேரும் அலையின் வலிமையை மட்டுமே, குறுக்கீட்டை (பிற அலைகள் தரும் இடையூற்றை) விட அது எத்தனை மடங்கு மிகுதி என்பதை அல்ல. 4ஜியில் ஒரே கோபுரத்தின் பயனர்களுக்கு 180 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டுகள் தனித்தனியாக, மில்லிநொடிக்கு ஒருமுறை பங்கிடப்படுவதால் அவர்கள் ஒருவரையொருவர் அநேகமாகத் தொந்தரவு செய்வதில்லை. அண்டைக் கோபுரமும் அதே அலைவரிசையையே பயன்படுத்துவதுதான் தொல்லை. இரண்டுக்கும் நடுவில் உங்கள் வீடு இருந்தால், இரண்டின் அலையும் சம வலிமையில் வந்து மோதும். மாலையில் இரு கோபுரங்களுக்கும் வேலை கூடுவதால், உங்கள் பங்கு குறைவதோடு குறுக்கீடும் ஏறுகிறது. கோபுரங்கள் தமக்குள் செய்தி பரிமாறி, எந்தத் துண்டில் அடக்கி வாசிப்பது என்று ஒத்துப்போகும் ஏற்பாடு உண்டு என்றாலும், அது தொல்லையைக் குறைக்குமே தவிர நீக்கிவிடாது. வீட்டின் வேறொரு பக்கத்துக்குச் சென்று பாருங்கள். இடையில் ஒரு சுவர் வந்து அண்டைக் கோபுரத்தை மறைத்தால், கோடு ஒன்று குறைந்தும்கூட வேகம் கூடலாம்.