கீமோ தொடங்கியாச்சு, அம்மாவை நடக்க விடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, போன கிழமை தெல்லிப்பழையில் முதல் கீமோ ஏற்றினார்கள். சொந்தக்காரர் எல்லாரும் "அசைய விடாதே" என்கிறார்கள். அவவும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, ஒருவரோடும் கதைப்பதில்லை. என்ன செய்யலாம் டொக்டர்? – மகள், இணுவில்

பதில்: கிளினிக்கில் குறிப்பாக வேண்டாமென்று சொல்லாவிட்டால், நடக்க விடுங்கள் பிள்ளை. வருத்தக்காரரைப் படுக்க வைத்துப் பார்ப்பதுதான் கவனிப்பு என்று எங்கள் ஊரில் ஒரு எண்ணம், அன்பில் வருகிறதுதான். ஆனால் கீமோக் களைப்பு நித்திரை கொண்டால் போகிற களைப்பில்லை. படுக்கப் படுக்கத் தசை கரைந்து, கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கி, "நோய் முற்றிப்போச்சு" என்று மனம் உடைந்து, பிறகும் பாயைத்தான் தேடுவா. சிகிச்சை நடக்கும்போதே அளவாக உடற்பயிற்சி செய்பவர்களுக்குக் களைப்பும் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2022இல் வந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டலும் நடையையும் தசைப் பயிற்சியையும் சிகிச்சைக் காலத்திலேயே செய்யச் சொல்கிறது.

அதற்காக நாளைக்கே அரை மணித்தியாலம் நடத்தாதீர்கள். வெயில் ஏற முதல், படலையடி வரை ஐந்து நிமிடம் போதும். கதைத்துக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மெல்ல மெல்லக் கூட்டி, கிழமையில் மூன்று நாள் அரை மணித்தியாலம் வந்தால் நல்லது. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து சில தரம் எழும்பி இருப்பதும் பயிற்சிதான். மருந்து ஏற்றி முதல் இரண்டு மூன்று நாள் சத்தியெடுத்தால் விட்டுவிடுங்கள். வெட்டின பக்கத்துக் கைக்கு பிசியோ காட்டின பயிற்சி மட்டும், தண்ணீர் வாளி இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இரவென்றாலும். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், மயக்கம் என்றாலும் அப்படித்தான். மருந்து ஏற்றி 7 முதல் 14 நாள் வரை கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் நன்றாகக் குறையும், அந்த நாட்களில் கோயில் திருவிழா, கலியாணவீடு எல்லாம் வேண்டாம், நடை ஒழுங்கையோடு நிற்கட்டும்.

அப்புறம், "யோசியாதேங்கோ அம்மா" என்று சொல்வதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். யோசிக்காமல் எப்படி இருப்பது? தலைமயிர் கொட்டப்போகுது, ஊர் என்ன கதைக்கும் என்ற பயம் எல்லாம் இருக்கும். எதிரே இருந்து கேட்டால் வாய் திறக்காதவர்கள் பக்கத்தில் நடந்தால் தாங்களாகக் கதைப்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்களே கூடப் போங்கள், கேள்வி கேட்காமல். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவது, கீரை ஆய்வது மாதிரி அவவின் வேலை ஒன்றிரண்டைத் திருப்பிக் கொடுங்கள், எல்லாவற்றையும் பறித்தால் தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற நினைப்பு வரும். இந்தச் சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். "இருந்து என்ன பயன்" என்ற கதை வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், தனிய விடவும் வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

அடுத்த கிளினிக்கில் எவ்வளவு நடக்கிறா என்று சொல்லி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கூட்டலாமா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் கொஞ்ச நாள் குறைக்கச் சொல்வார்கள்.