மணல்மேட்டில் சவுக்கு நடலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரை மணல்மேடுகளில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நட்ட சவுக்கு இன்று தோப்பாக நிற்கிறது. அயல்நாட்டு மரம், மேட்டைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். மணலைப் பிடித்து வைக்கும் மரம் எப்படிக் கெடுதல் செய்யும்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தென்கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியக் கரைகளைச் சேர்ந்த சவுக்கு மணலைப் பிடித்து வைப்பது உண்மைதான், ஆனால் மேட்டின் பலமே மணல் போய் வருவதில் இருக்கிறது. புயலில் அலை அரித்துச் செல்லும் மணல், கடல் அமைதியான மாதங்களில் கரைக்குத் திரும்பி, காற்றில் மேலேறி, ராவணன் மீசைப் புல்லின் தூர்களிலும் அடப்பங்கொடியின் படர்விலும் சிக்கி மீண்டும் மேடாகிறது. இவை புதையப் புதையக் கணுக்களில் வேர்விட்டு எழுபவை. சவுக்குத் தோப்பினுள் பாருங்கள்: உதிர்ந்த ஊசிச் சருகு கனமாக மூடியிருக்க, நிழலும் சேர்ந்துகொள்ள, புல்லோ கொடியோ அநேகமாக இருக்காது. அலை மோதும்போது முகப்பு செங்குத்தாக வெட்டுப்பட்டு, வேர் வெளியே தெரிய மரம் சாய்கிறது.

முட்டையிட மேலேறும் பங்குனி ஆமைக்கும் திறந்த மணல் வேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குழியின் வெப்பமே முடிவு செய்வதால், நிழலில் மணல் குளிர்ந்தால் ஆண் குஞ்சுகளே மிகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுபோன இதே மரம் விதை பறந்து கரையெங்கும் பரவிவிட்டதால், அங்கே உரிய அனுமதியின்றி அதை நடக்கூடாது. நம் கரையில் அது தானாகப் பரவியது குறைவு; நட்டவர்கள் நாம்தான். தானாகப் பரவுவதில் இங்கே முந்தி நிற்பது சீமைக் கருவேலம்: காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை போய்ச் சேர்கிறது, வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கிறது.

அதற்காகத் தோப்பு முழுவதையும் ஒரேயடியாக வெட்டச் சொல்லவில்லை. ஊரையொட்டி நிற்பது உப்புக்காற்றைத் தடுக்கிறது, சாரக்கம்பாக விலையும் போகிறது, அது இருக்கட்டும். கடலைப் பார்த்த முகப்பில் மட்டும், வனத்துறையின் தோப்பானால் அவர்களைக் கேட்டுக்கொண்டு, வெட்டிய இடத்தில் மறுபடி சவுக்கு நடாமல் சருகை வாரி அகற்றிவிட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது அடப்பங்கொடித் துண்டுகளைக் கணு மணலுக்குள் இருக்கும்படி ஊன்றலாம். ராவணன் மீசை முளைத்தால், காலில் குத்துகிறது என்று பிடுங்காமல் விட்டுவைத்தாலே போதும்.