மகனுக்கு ஓ.சி.டி. வந்தது என் வளர்ப்பாலா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வருவதில்லை. கைத்தோல் உரியும் அளவுக்குச் சோப்புப் போடுகிறான். மனநல மருத்துவர், ஒரே எண்ணமும் ஒரே செயலும் விடாமல் துரத்துகிற ஓ.சி.டி. என்ற நோய் என்றார், மூளையில் ஏதோ ரசாயனம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரமாகியும் கேட்கவில்லை. என் மாமியாரோ, "அதைத் தொடாதே, இதைத் தொடாதேன்னு மிரட்டி வளர்த்த இல்ல, அதான்" என்கிறார். யார் சொல்வது சரி? ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மாமியார் சொல்வது தவறு. மருத்துவர் சொன்னது பாதி சரி, மீதி அவசரத்தில் சுருக்கிச் சொன்னது.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒருவருக்கு ஓ.சி.டி. வருவதில் கிட்டத்தட்ட பாதிப் பங்கு மரபணுக்களுடையது என்று தெரிகிறது. அதுவும் ஒரே ஒரு மரபணு இல்லை, சின்னச் சின்னதாக ஏராளமானவை சேர்ந்து செய்கிற வேலை. அதற்காக "உங்க வீட்டுப் பக்கம் பூட்டைப் பத்துத் தடவை இழுத்துப் பார்க்கிறவர் யாராவது இருந்தாங்களா" என்று மாமியாரிடம் கேட்டுவைக்காதீர்கள், வீடு ரெண்டாகிவிடும். மருத்துவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அவருக்கு அது உதவும். மற்ற பாதியில் மன அழுத்தம், நோய்த்தொற்று, பெண்களுக்குப் பிரசவ காலம் என்று பலதும் வரும். கண்டிப்பான அம்மாவால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்புறம் மூளை. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே இருக்கும் பகுதி "ஏதோ தப்பு, கவனி" என்று குரல் கொடுக்கும். அது உள்ளே காடேட், தாலமஸ் என்ற பகுதிகள் வழியாகச் சுற்றி மறுபடி அங்கேயே வரும். நமக்கெல்லாம் கை கழுவியதும் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது, உங்கள் மகனுக்கு அடங்குவதில்லை. கை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவனுக்கே பெரும்பாலும் தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அதனால்தான் நீங்கள் எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் ஏறுவதில்லை.

ரசாயனம் என்று மருத்துவர் சொன்னது, மூளை நரம்புகளுக்குள் சேதி கடத்துகிற செரட்டோனினாக இருக்கும். அதைக் கூட்டுகிற மாத்திரைகள் பலருக்கு வேலை செய்கின்றன, அது உண்மை. ஆனால் பாராசிட்டமால் போட்டால் தலைவலி போகிறது என்பதற்காக உடம்பில் பாராசிட்டமால் குறைந்துதான் தலைவலி வந்தது என்று சொல்வோமா? குளூட்டமேட் என்ற இன்னொரு ரசாயனத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் கேட்கவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இதற்கு அளவும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் ஓ.சி.டி. தெரியாது. திடீரென்று ஒரே நாளில் ஆரம்பித்தாலோ, வலிப்பு இருந்தாலோ, வயதான பிறகு முதல்முறை வந்தாலோ வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க எடுப்பார்கள். சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி வந்த பிறகு திடீரென இப்படி ஆவதைப் பற்றி அமெரிக்காவில் சூசன் ஸ்விடோ குழுவினர் 1998இல் எழுதினார்கள். அதில் இன்னும் விவாதம் இருக்கிறது, 22 வயதுப் பையனுக்கு அது பொருந்தாது.

மூளைக் கோளாறு என்றால் மாத்திரை மட்டும்தான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் சிலருக்கு மாத்திரையும் சிலருக்கு நடத்தைப் பயிற்சியும் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். குணம் தெரிந்தவர்களுக்கு, எந்த சிகிச்சையாக இருந்தாலும் சரி, அந்தக் காடேட்டின் பரபரப்பு குறைந்திருந்தது. அழுக்கு என்று பயப்படுவதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்து பழகுவதுதான் அந்தப் பயிற்சி, தேர்ந்த ஒருவர் உடனிருந்து படிப்படியாகச் செய்ய வேண்டியது. "அம்மா, கை சுத்தமா இருக்கா?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டால் நீங்கள் பதில் சொல்வதும்கூட அந்தச் சுற்றை ஓடவிடும், அதை எப்படிக் குறைப்பது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பெங்களூருவில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு உண்டு. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.