அறுபதாயிரம் இருக்கட்டும், கம்பியை மாற்றினீர்களா?

கேள்வி: எனக்கு வயது 43. எட்டு மாதத்துக்கு முன் 14,000 ரூபாய்க்கு, ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்து, ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். மூன்று பிக்கப் உள்ள மாடல். கழுத்தில் மேலே ஏற ஏறச் சுருதி விலகுகிறது. அழுத்தினால் விரல் கிழிகிறது. ஆம்ப்பைப் போட்டாலே 'ம்ம்ம்' என்று இரைச்சல். வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. 60,000 ரூபாய்க்குக் குறைந்து நல்ல கிட்டார் கிடையாது என்கிறார்கள் நண்பர்கள். வாங்கிவிடட்டுமா? (பெயர் வேண்டாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.)
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம்.

நாலு குறை எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது கம்பி மாற்றினீர்களா என்று எழுதவில்லை. எந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தீர்கள் என்றும் எழுதவில்லை. இரண்டுக்கும் பதில் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் இருப்பது கடலோரம். கிட்டாரில் இருப்பது எஃகுக் கம்பி. அதோடு உங்கள் விரல் வியர்வையும் சேருகிறது. ஒரு கம்பிக்கு அடியில் விரல் நுனியை விட்டு இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துரு. துருவேறிய கம்பி ஓர் இடத்தில் கனமாகவும் ஓர் இடத்தில் இலேசாகவும் அதிரும்; அதில் சுருதி நிற்காது. விரல் கிழிவதற்கும் பாதிக் காரணம் அதுதான். 9 நம்பர் செட் என்று கேட்டு வாங்குங்கள் (மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு கனம்). சில நூறு ரூபாய்தான். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். உங்கள் மாடலில் பின்பக்கம் ஸ்பிரிங் இருக்கும். கம்பிகளின் இழுப்பு மொத்தமாகப் போனால் அது பிரிட்ஜை (கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் தகடு) தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; பிறகு திரும்பத் திரும்பச் சுருதி கூட்டவேண்டி வரும்.

அடுத்தது உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தலைக்கும் தடித்த கம்பியின் அடிக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. கடையிலிருந்து பெட்டியில் வரும் கிட்டாரில் 3, 4 கூட இருக்கும். கம்பி அவ்வளவு உயரத்தில் நின்றால், ஃப்ரெட்டைத் தொடுவதற்குள் அதை நீங்கள் இழுத்து நீட்டிவிடுகிறீர்கள். நீட்டிய கம்பி கூடுதல் சுருதியில்தான் பேசும். மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது என்று எழுதினீர்களே, அதுவும் விரல் வலியும் ஒரே நோய்.

உயரத்தைக் குறைக்கும் முன் கழுத்தைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு விரல் வைத்து ஒரே கம்பியை அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருந்தால் போதும். கட்டைவிரல் நகம் நுழைகிறது என்றால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று, வெறும் கால் சுற்று, திருகிவிட்டு மறுநாள் பாருங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் வேலை தெரிந்தவரைத் தேடிப் போவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அதன்பின் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடில் ஒவ்வொன்றையும் சின்ன ஆலன் கீயால் இறக்குங்கள். கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டுத் தட்டினால் வரும் மணிச் சத்தத்தையும், அதே ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் சத்தத்தையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைவாகக் காட்டினால் முன்னால். முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். போகட்டும்.

நம் ஊர் வீணையில் 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு இளகிச் சுருதி பிசகினால் மெட்டைப் பெயர்த்து மறுபடி பதிப்பார்கள். அதற்காக யாரும் வீணையை விற்றுவிட்டு வேறு வீணை வாங்கப் போவதில்லை.

இரைச்சலுக்கு வருவோம். பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றிய, தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியும்தான். எஃகுக் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் அதே சுருள், உங்கள் வீட்டு வயரிங்கில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் பிடிக்கும். (அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அவர்கள் கிட்டார் கொஞ்சம் மேல் சுருதியில் இரையும்.) இரட்டைச் சுருளை எதிரெதிராகச் சுற்றி இதை அடக்க 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் வழி கண்டுபிடித்தார். உங்களுடையது ஒற்றைச் சுருள். ஒற்றைச் சுருள் என்றால் 60,000 ரூபாய் கிட்டாரும் இரையும், இரண்டு லட்ச ரூபாய் கிட்டாரும் இரையும். எந்த பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை இரண்டாவது, நாலாவது இடத்தில் வைத்துப் பாருங்கள். பல கிட்டார்களில் நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றாகச் சுற்றியிருப்பார்கள், சத்தம் அடங்கும். டியூப் லைட்டிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் தள்ளி உட்காருங்கள். ஆனால் ஒன்று: கம்பியைத் தொட்டதும் கையில் சுருக்கென்றால், அந்த நொடியே பிளக்கைப் பிடுங்குங்கள். அது கிட்டார் குறை இல்லை. பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆம்ப்பை நீங்கள் திறக்காதீர்கள்.

கரகரப்பு வெறும் தூசி. திருகின் குமிழைக் கழற்றி, உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். தேங்காயெண்ணெய் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கதை இங்கே வேண்டாம்.

என் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் என் கிட்டாரில் சத்தமே வரவில்லை. ஒரு கடையில் காட்டினேன். உள்ளே எல்லாம் போய்விட்டது, மொத்தமாக மாற்ற 3,500 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். வயர் செருகும் ஜாக்கின் நட்டு தளர்ந்து, செருகும்போதெல்லாம் ஜாக்கும் கூடவே சுற்றி, உள்ளே ஒரு வயர் முறுக்கி அறுந்திருந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய சால்டரிங் அயர்ன், ஒரு துளி ஈயம். முதல் பற்று உருண்டையாகப் பிடித்து உதிர்ந்தது, இரண்டாவது நின்றது. அன்றைக்கு வாசித்த மாதிரி நான் என்றைக்கும் வாசித்ததில்லை. நன்றாக வாசித்தேன் என்று சொல்லவில்லை, நெடுநேரம் வாசித்தேன்.

உங்கள் கிட்டாரின் மூதாதையான ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-இல் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் மாட்டினார். கெட்டால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ரிப்பேர்காரர் ஒருவர் ரிப்பேரை நினைத்துச் செய்த பொருளை வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் பயப்படுகிறீர்கள்.

அப்புறம் எப்போதுதான் 60,000? ஃப்ரெட் தேய்ந்து பள்ளம் விழட்டும். அல்லது இந்தக் கிட்டாரில் எது வரவில்லை என்று உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியட்டும். 'நல்லா இல்லை' என்பது அந்த வாக்கியம் இல்லை. அதுவரை தினம் இருபது நிமிடம், ஒரே ஒரு பாட்டு, தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து. விரல் நுனி சில வாரத்தில் காய்த்துவிடும்.

பெயரைப் போடவில்லை. ஆனால் எட்டு மாதமாக ராத்திரி இரைகிற ஆம்ப் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நீங்கள் நம்புவதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.