ஒரு துளையில் இறுகுகிறது, அடுத்ததில் கையாலேயே இறங்குகிறது

கேள்வி: அண்ணாச்சி, திருநெல்வேலி பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு பேஸில் 200 மி.மீ. தூரத்தில் 8 மி.மீ. டவல் பின் (பாகங்களை இடம் பிசகாமல் நிறுத்தும் உருளைக் கம்பி) இரண்டு, மேலே அலுமினிய பிளேட். டிராயிங்கில் எல்லாத் துளைக்கும் ‘எச்7’ என்ற அளவு வரம்பு, பேஸில் பின் அடிக்கும் துளைக்கு மட்டும் கூடவே ‘பிரஸ் ஃபிட்’, அதாவது அழுத்தித்தான் இறங்க வேண்டும். எச்7 ரீமர்தான் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டுகிறேன். ஒரு பின்னுக்குச் சுத்தியல் வேண்டியிருக்கிறது, இன்னொன்று கையாலேயே இறங்குகிறது. பிளேட்டும் காலையில் உட்காருகிறது, மதியம் உட்கார மாட்டேன் என்கிறது. தப்பு எங்கே?

பதில்: உங்கள் கைவேலையில் தப்பு இல்லை தம்பி, டிராயிங்கில்தான். கடையில் வாங்கும் டவல் பின் பெரும்பாலும் எம்6 வரம்பு, அதாவது 8.006 முதல் 8.015 மி.மீ. வரை. எச்7 துளை 8.000 முதல் 8.015 வரை. பெரிய துளையும் சின்னப் பின்னும் சேர்ந்தால் 9 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) இடைவெளி, சின்னத் துளையும் பெரிய பின்னும் சேர்ந்தால் 15 மைக்ரான் இறுக்கம், இரண்டுமே டிராயிங்படி சரிதான். அளவு இல்லாமல் ‘பிரஸ் ஃபிட்’ என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

பின் கடைச்சரக்கு, அதை மாற்ற முடியாது, துளையைத்தான் மாற்ற வேண்டும். பேஸ் துளைக்கு எம்7 வரம்பு போடுங்கள், அல்லது 7.985–8.000 என்று நேராகவே எழுதிவிடுங்கள். எந்தப் பின் வந்தாலும் குறைந்தது 6, அதிகம் போனால் 30 மைக்ரான் இறுக்கம் இருக்கும். ரீமர் 7.99 கேட்டு வாங்கி, அதே இரும்பில் ஒரு துண்டுக் கட்டையில் ஓட்டி பிளக் கேஜ் (துளை அளவு பார்க்கும் உருளை) விட்டுப் பார்த்துவிட்டு வேலையில் கை வையுங்கள், ரீமர் தன் அளவைவிட ஓரிரு மைக்ரான் கூட வெட்டும். துளை வாயில் சின்ன சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) கட்டாயம், அது இல்லாத இடத்தில் பின் இறங்கும்போது விளிம்பிலிருந்து வளையல் மாதிரி ஒரு சுருள் சீவிக்கொண்டு வரும், அப்புறம் பின் சாய்ந்துதான் நிற்கும். அடி மூடிய முட்டுத் துளையாக விடாதீர்கள், அடியில் காற்றும் எண்ணெயும் அடைபட்டுப் பின்னை மேலே தள்ளும். அடிப்பக்கத்திலிருந்து 5 மி.மீ. துளை விட்டால் காற்று போகும், நாளைக்குப் பின்னைத் தட்டி எடுக்கவும் ஆகும்.

சரி, மதியச் சிக்கல். அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 200 மி.மீ. தூரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கு சுமார் 2 மைக்ரான். நம்மூர்த் தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் 12 டிகிரி ஏறினால் 25 மைக்ரான் ஆயிற்றே, இரண்டு வட்டத் துளை அதை எப்படித் தாங்கும்? பிளேட்டில் ஒன்றை மட்டும் வட்டமாக, 8.020–8.035 என்று விடுங்கள். மற்றதை இரண்டு பின்னையும் சேர்க்கும் கோட்டோடு நீளும் ஸ்லாட்டாக்குங்கள் (நீள்துளை), அகலம் அதே அளவு, நீளம் 9 மி.மீ. போதும். அதன் பிறகு மையத் தூரத்துக்கு ±0.01 கேட்க வேண்டியதில்லை, ±0.1 தாராளம். ஸ்லாட் குறுக்குவாட்டில் விலகுவதை மட்டும் 0.02-க்குள் பிடியுங்கள், இல்லையென்றால் பிளேட் கோணலாக உட்காரும்.