வாசகர் கேள்விகள்: புலவரைப் பாடும் வசை

கேள்வி: ஐயா, மதுரையில் நடக்கும் மாதாந்தர இலக்கியக் கூட்டங்களுக்கு விடாமல் சென்று வருகிறேன். ஒருவருக்கொருவர் பட்டம் வழங்கிக்கொள்வதைக் கேலி செய்து ஒரு கவிதை வாசித்தேன். "இது பொறாமை, தமிழ் மரபில் புலவன் புலவனைப் பழிப்பதில்லை" என்று கண்டித்தார்கள். உண்மையா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: உங்களைக் கண்டித்தவர்கள் தொல்காப்பியச் செய்யுளியலைப் புரட்டியிருந்தால் மரபைத் துணைக்கு அழைத்திருக்க மாட்டார்கள். அங்கதத்துக்கு, அதாவது பழித்துப் பாடுவதற்கு, அங்கே தனி இடம் உண்டு. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம், மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம் என்று வகையும் பிரித்திருக்கிறார்கள். புலவர்களுக்கு அதிலிருந்து விலக்கு எதுவும் தரப்படவில்லை.

பழிப்பதை விடுங்கள், நம் ஊர்க் கதைகளில் தண்டனையே உண்டு. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொள்வார் என்றும், அதனால் தலையில் சீழ் வைத்துவிட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பதே ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. ஆனாலும் கதையைக் கட்டியவர் நிறையக் கவியரங்குகளில் உட்கார்ந்து எழுந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலைராயன்பட்டினத்து அவையில் அதிமதுர கவிராயரும் பல்லக்கேறும் உரிமை பெற்ற அறுபத்து நான்கு புலவர்களும் அவரை மதிக்காமல் உட்கார்ந்திருந்தபோது, 'நீங்கள் கவிராயர்கள் என்றால் உங்கள் வால் எங்கே, கால்கள் நான்கு எங்கே' என்று அவர் வெண்பாவில் கேட்டதாகச் சொல்வார்கள். கவி என்ற சொல் குரங்கையும் குறிக்கும் என்பதால் அவையினர் அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது வசையின் கடுமையை அல்ல. எதிரில் இருந்தவர்கள் எந்த யாப்பைக் காட்டித் தங்களைப் பெரியவர்களாக நிறுத்திக்கொண்டார்களோ, அதே யாப்பில், அவர்களைவிட வேகமாக, ஒரு சீர் பிசகாமல் அவர் கேட்டார். கேலி செய்பவன் கேலிக்கு ஆளானவனைவிட நன்றாக எழுத வேண்டும்; அது இல்லாதபோதுதான் பொறாமை என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் ஆதரவைப் பெற்ற படிக்காசுப் புலவர் பாடியதாக வழங்கும் ஒரு விருத்தம். தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுப்பதற்கு வில்லிபுத்தூரார் இல்லை, தலையை வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தர் இல்லை என்று அடுக்கிக்கொண்டே வந்து, விளையாட்டாக எதையோ பாடி ஏமாற்றுவதற்கு அறிவில்லாத துரைகள் மட்டும் இருக்கிறார்கள், ஆகவே 'தேசமெங்கும் புலவரெனத் திரியலாமே' என்று முடிப்பார். மூன்று தண்டனைகளையும் போலிப் புலவனுக்கென்று எண்ணிக்கொண்டு வருகிறோம். கடைசி அடி விழுவதோ கேட்டுத் தலையாட்டிப் பரிசு கொடுப்பவர் மீது. நம் கூட்டங்களைப் பற்றி எழுதும் பலர் மேடையில் நிற்பவரோடு நின்றுவிடுகிறார்கள். எதிரே நாற்காலியில் அமர்ந்து, வரிக்கு வரி 'ஆஹா' சொல்லி, அடுத்த மாதம் தம் முறை வரும்போது அதே 'ஆஹா'வைத் திரும்ப எதிர்பார்ப்பவர்களை ஒருவரும் தொடுவதில்லை. அவர்களைத் தொட்டுப் பாருங்கள். கண்டனம் இதைவிடப் பலமாக வரும்.

கேள்வி: நான் எழுதிய குறள்வெண்பா இது. தேறுமா?

மேடையெல்லாம் பொன்னாடை மேளங்கள் பூமாலை
ஏடெங்கும் காணோம் கவி

(வாசகர், சோழவந்தான்)

பதில்: தளை தட்டவில்லை, அதாவது சீரோடு சீர் சேர்வதில் பிசகில்லை; எதுகையும் மோனையும் சரியாக விழுந்திருக்கின்றன. யாப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதைக் கேட்டு யாருக்கும் வலிக்காது. 'மேடையெல்லாம்', 'ஏடெங்கும்' என்று நீங்கள் ஊர் முழுவதையும் வளைத்துவிட்டதால், கேட்கிற ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலிக்காரரைச் சொல்கிறீர்கள் என்று எண்ணிக் கைதட்டுவார்கள்.

பொதுவாகச் சொல்வதை விட்டுக் கண்ணால் கண்ட ஒன்றைப் பிடியுங்கள். நம் விழாக்களில் ஒரு பொன்னாடைக்கு ஓய்வே கிடையாது. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய சால்வையை அவர் தோளிலிருந்து எடுத்து மடித்து மேசையோரம் வைப்பார்; அமைப்பாளர் அதை உறையில் போட்டுக்கொள்வார்; அடுத்த விழாவில் மடிப்புக் கலையாமல் அது இன்னொருவர் தோளுக்கு வரும். அதை மட்டும் வைத்து நான் எழுதிப் பார்த்தது:

போனவாரம் என்தோளில் போர்த்தியபொன் னாடையிது
ஏனையா பாட்டும் அதே

கவிதை சிறந்ததென்று நான் சொல்ல வரவில்லை. பேசுகிறவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடுவதால், வெளியே நின்று கல்லெறிகிறான் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. உங்கள் பாட்டில் அந்த 'நான்' இல்லை.

கேள்வி: யாப்பு தெரியாதவர்கள் இப்படி எழுதக் கூடாதா? (வாசகி, சிவகங்கை)

பதில்: சிவகங்கையிலிருந்து இந்தக் கேள்வியா? உங்கள் ஊரில் கல்லூரி ஆசிரியராக இருந்து 'அன்னம்' பதிப்பகம் நடத்திய மீராவின் 'ஊசிகள்' புதுக்கவிதைதான்; குத்துவதில் குறை வைத்ததா? ஞானக்கூத்தனோ மூன்றே வரிகளில் முடித்துவிட்டார்: 'எனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் பிறர்மேல் அதை விட மாட்டேன்.' மேடைத் தமிழ்ப்பற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது. யாப்பு இல்லாவிட்டால் சுருக்கமாவது வேண்டும்.

கேள்வி: நண்பர் தம் கவிதை நூலுக்கு என்னிடம் அணிந்துரை கேட்கிறார். கவிதைகள் படிக்கும்படியாக இல்லை. மறுத்தால் நட்பு கெடும். புகழ்ந்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவேன். என்ன செய்வது? (வாசகர், திருமங்கலம்)

பதில்: புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் படியுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, எங்கள் மன்னனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கேட்பதற்குப் புகழ்ச்சி, போர் காணாத ஆயுதம் என்பது பொருள். மேலே சொன்ன பழிகரப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் நூலின் தாள், அட்டை, அச்சு, நண்பரின் விடாமுயற்சி, இதுவரை அவர் பெற்ற கேடயங்கள் ஆகியவற்றை மனமாரப் பாராட்டி ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். கவிதை ஒன்றைக்கூட மேற்கோள் காட்டாதீர்கள். நண்பர் மகிழ்ந்து அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுவார். படிக்கத் தெரிந்த வாசகர் அணிந்துரை முடிந்ததும் நூலை மூடிவிடுவார்.